டென்ஸ் சாரின் சிவப்பு வட்டங்கள்

நாகரிகங்கள் போரால் அழிவதில்லை, வெள்ளத்தால் அழிவதில்லை. வினைச்சொல்லின் காலம் தவறுகிற அன்றுதான் அவற்றின் அழிவு தொடங்குகிறது. இறந்த காலம் எது, நிகழ் காலம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாத சமூகத்துக்கு எதிர்காலம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இந்தப் பேருண்மையை லிஃப்ட் கம்பெனியின் கடிதப் பிரிவு மேற்பார்வையாளர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, எதிரே நின்ற மெக்கானிக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில், நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டைப் பற்றிய கடிதம் அவர் மேஜைமேல் மூன்றாவது நாளாகப் படுத்துக்கிடந்தது.

"இப்ப அதை அனுப்பலாமா சார்?" என்று மெக்கானிக் கேட்டார். "நம்ம லெட்டர் வந்தாத்தான் கதவைப் பூட்டுவோம்னு அந்தக் கட்டடத்துக்காரங்க சொல்றாங்க. வர்றவங்க எல்லாம் பட்டனை அமுக்கிட்டு நிக்கறாங்க."

"அனுப்பலாம். ஆனா இதுல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு சார்?"

"அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

அலுவலகத்தில் அவருக்கு டென்ஸ் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவர் காதுக்கு அது எட்டியபோது யாரும் எதிர்பார்க்காத வகையில் மகிழ்ந்துபோனார். ஏதோ பல்கலைக்கழகம் கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் மாதிரி அதை வைத்துக்கொண்டார். தொலைபேசியை எடுத்தால், "டென்ஸ் சார்தான் பேசறேன்" என்று அவரே சொல்லுமளவுக்குப் போயிற்று.

கம்பெனி வேலை, மற்றவர்களுடைய கட்டடங்களில் இருக்கும் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது. அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க ஏறி வந்தால் முதலில் தெரிவது டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜை. அதற்குப் பக்கத்தில் புகார்க் குமாஸ்தா, உயரத்தின் காரணமாக எல்லாருக்கும் நெட்டை. அதற்கப்பால், ஜன்னலை அடைத்துக்கொண்டு, டென்ஸ் சார். டைப்பிஸ்ட் அம்மாவோ நெட்டையோ மெக்கானிக்கோ, யார் எழுதினாலும் வாடிக்கையாளருக்குப் போகும் எந்தக் கடிதமும் பச்சை அட்டைக்குள் வைக்கப்பட்டு அவர் மேஜைக்கு வரும். அவர் சிவப்புப் பேனாவால் பிழையைச் சுற்றி வட்டம் போடுவார். திருத்தி எழுதுவார். பிறகு ஒரு நீள நோட்டை இழுத்து, தேதி, எழுதியவர், பிழை, பிழையின் வகை என்று நான்கு கட்டங்களில் எழுதிக்கொள்வார். அதன் பின்புதான் கையெழுத்து. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு கடிதமும் படியிறங்கியதில்லை. பதினோரு வருடத்தில் பதினோரு நோட்டு நிரம்பியிருந்தது.

பிழைகளில் அவர் உயிரையே வைத்திருந்தது சப்ஜங்டிவ் பிழையின் மேல். ஆங்கிலத்தில், நடக்காததை நடந்தால் எப்படி என்று நினைத்துப் பேசும்போதும், இப்படி நடக்கட்டும் என்று வலியுறுத்தும்போதும் வினைச்சொல் வேறு சட்டை போட்டுக்கொள்ளும். ஊரே 'இஃப் ஐ வாஸ்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கும். 'இஃப் ஐ வேர்' என்பதுதான் சரி. 'லிஃப்ட் நிறுத்தப்பட வேண்டியது அவசியம்' என்று எழுதும்போது 'இஸ் ஸ்டாப்ட்' என்று எழுதினால் அநாகரிகம். 'பி ஸ்டாப்ட்' என்று எழுத வேண்டும். இதை அவர் ஒருமுறை மெக்கானிக்குக்கு அரைமணி நேரம் விளக்கினார். கடைசியில் மெக்கானிக், "ஆனா சார், அந்த லிஃப்ட் ஏற்கெனவே நின்னுதான் போச்சு" என்று சொன்னதை அவர் அறியாமை என்று எடுத்துக்கொண்டு மன்னித்துவிட்டார்.

வீட்டிலும் இதே கொடிதான் பறந்தது. கல்யாணம் நிச்சயமானதும் மனைவி ஆசையாக ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை அவர் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். கீழே பத்துக்கு ஆறரை. இருபத்தாறு வருடமாக அந்த அம்மாள் அவருக்கு மளிகைச் சீட்டைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கைப்பேசியில் 'ரீச்ட், ஈட், ஸ்லீப்' என்று மூன்று சொல்லில் செய்தி அனுப்பினாள். மூன்றும் ஒரே காலத்தில் இருக்க வேண்டாமா என்று இவர் கேட்டனுப்பினார். அதன் பிறகு மகள் அம்மாவிடம் மட்டுமே பேசினாள். அப்பாவுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். அதில் திருத்த எதுவும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே பிழைக்கு அடியில் கோடு போட்டுக் காட்டிவிடுகிறதாம். ஆகையால் கடிதத்தைத் திருத்துவதற்கென்று தனியாக ஒரு பதவி வேண்டுமா என்று பார்க்க ஒரு அதிகாரி வியாழக்கிழமை வருகிறாராம். வேண்டாம் என்று முடிவானால் மேற்பார்வையாளர் கிடங்குக்கு மாற்றப்படுவார். அங்கே இரும்பு வடச் சுருள்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டும் வேலை காலியாக இருக்கிறது.

டென்ஸ் சார் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். இரண்டு வட்டம் போட்டார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு மேஜையிலும் காட்டினார். ஒருவனைத் தூக்கில் போடும் உத்தரவையாவது சரியான டென்ஸில் எழுதக் கூடாதா என்பது அவர் கேள்வி. எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஆனால் தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்ததும் அந்தக் கிடங்கு அவர் கண்முன் வந்தது. கிடங்கை அவர் பார்த்திருக்கிறார். ஜன்னல் இல்லாததுகூடப் பரவாயில்லை. அந்தச் சீட்டுகளில் 'எட்டு மில்லிமீட்டர், நூறு மீட்டர்' என்று மட்டும்தான் இருக்கும். ஒரு வினைச்சொல் கிடையாது.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி மருந்துக் கடை வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தான் மட்டும் அந்த நாற்காலியில் இல்லாவிட்டால் கம்பெனியின் மானம் கப்பலேறிவிடும் என்பதைப் பல விதமாகச் சொன்னார். தான் திருத்திய பிழைகளின் மொத்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்ததாகவும், ஒன்பதாயிரத்துச் சொச்சம் வந்ததாகவும் சொன்னார். மனைவி ஒரு தலையணை உறையை உதறினாள்.

"பதினோரு வருஷமா திருத்தியும் ஒன்பதாயிரம் தப்பு வருதுன்னா, ஒருத்தரும் ஒண்ணும் கத்துக்கலன்னுதானேங்க அர்த்தம்?"

"அதுக்குத்தானே நான் வேணும்ங்கறேன்."

"நல்லா இருக்கு. டாக்டர்கிட்டக் காட்டின வியாதி மாதிரி வருஷா வருஷம் வளந்திருக்கு. இதை நாளைக்கு வர்ற அந்த அதிகாரி அம்மாகிட்டச் சொல்லாதீங்க."

அவர் அதைத்தான் முதலில் சொல்வதாக இருந்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி மேடம் படியேறி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தோளில் கம்ப்யூட்டர் பை, கையில் தண்ணீர் பாட்டில். மரியாதையாகப் பேசினார், "சார்" என்றுதான் கூப்பிட்டார். டென்ஸ் சார் பதினோரு நோட்டுகளையும் மேஜையில் அடுக்கிவைத்து அதன் பின்னால் நின்றுகொண்டார். அடுக்குக்கு மேல் அவர் கண்ணாடியும் நெற்றியும்தான் தெரிந்தன. நாகரிகங்களின் அழிவிலிருந்து தொடங்கினார். மேடம் இடைமறிக்காமல் கேட்டார். நடுநடுவே நோட்டைப் புரட்டினார். கம்ப்யூட்டர் போடும் கோட்டைப் பற்றி மெல்ல எடுத்தபோது டென்ஸ் சார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கோடு யார் வேணா போடலாம் மேடம். வட்டம் போட அனுபவம் வேணும். ஒண்ணு செய்யுங்க. இங்க இருக்கிறவங்களுக்கு ஒரு புகாரைக் கொடுத்துப் பதில் எழுதச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் வேண்டாம், கையால எழுதட்டும். அஞ்சே நிமிஷத்துல இந்த நாற்காலி எதுக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்."

டைப்பிஸ்ட் அம்மா நெட்டையைப் பார்த்தார். நெட்டை மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் கூரையைப் பார்த்தார். டென்ஸ் சாருக்கு இது பரீட்சை பயம் என்று தோன்றிற்று. பாவம், பிள்ளைகள், என்று நினைத்துக்கொண்டார்.

மேடத்துக்கு யோசனை பிடித்துவிட்டது. பையிலிருந்து அன்றைக்கு வந்த ஒரு புகாரை எடுத்து வாசித்தார். ஒரு பல் மருத்துவர் எழுதியது: ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியில் இருக்கிறது, நேற்றிலிருந்து லிஃப்ட் கதவு பாதி மூடியதும் திறந்துகொள்கிறது, ஏற்கெனவே பயந்துபோய் வருகிற நோயாளிகள் அதைப் பார்த்தே திரும்பிப் போய்விடுகிறார்கள். நேற்று என்ன நடந்தது, இன்று என்ன செய்திருக்கிறோம், நாளை வரை அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மூன்றும் வரும்படி ஆங்கிலத்தில் ஒரு பதில். இருபது நிமிடம். மூன்று பேருக்கும் வெள்ளைத்தாள் கொடுத்த பிறகு நான்காவதாக ஒன்றை நீட்டினார்.

"நீங்களும் ஒண்ணு எழுதுங்க சார், மாதிரிக்கு. அதையும் பக்கத்துல வைச்சுப் பார்த்தா வித்தியாசம் நல்லாத் தெரியும்."

"தாராளமா," என்றார் டென்ஸ் சார்.

தேதியைப் போட்டார். விளித்து எழுத வேண்டியதை எழுதினார். முதல் வாக்கியத்துக்கு வந்தார். கதவு திறந்துகொண்டது நேற்று. அதைப் புகாராக எழுதியது இன்று காலை. நாம் அதை அறிந்தது இப்போது. அப்படியானால் 'ஹேட் பீன் ஓபனிங்' என்று போடுவதா, வெறும் 'ஓபன்ட்' போதுமா? 'வி ஆர் சாரி' என்று தொடங்கலாம். ஆனால் வருத்தம் நிகழ்காலமா, அல்லது புகார் வந்த கணத்திலிருந்து தொடர்ந்து வருவதா? வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் எது தப்பு என்று உடனே சொல்லியிருப்பார். தானே எழுத வேண்டும் என்னும்போது மூன்று வாக்கியமும் ஒரே கதவில் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தன. பதினோரு வருடமாக அவர் ஒரு கடிதத்தை வெள்ளைத்தாளிலிருந்து தொடங்கியதில்லை. நடுவில் தலையைத் தூக்கிப் பார்த்தபோது நெட்டை பாதிப் பக்கம் வந்திருந்தார். அந்த வேகத்தில் எத்தனை பிழை கிடக்கும் என்று எண்ணியதும் டென்ஸ் சாருக்குத் தெம்பு வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து மூடி கழற்றித் தயாராக வைத்தார். இருபது நிமிடம் முடிந்துவிட்டதாக மேடம் சொன்னார். அவர் தன் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

முதலில் டைப்பிஸ்ட் அம்மாவின் தாள். ஒரு மூச்சில் படித்தார். மறுபடி, ஒவ்வொரு வினைச்சொல்லின் மேலும் பேனா நுனியை வைத்து வைத்துப் படித்தார். நேற்று நடந்தது நேற்றாகவே இருந்தது. இன்று செய்தது இன்றாகவே இருந்தது. நெட்டையின் தாளை எடுத்தார். அதில் நிபந்தனை வாக்கியம் ஒன்று வந்தது. வழக்கமாக அங்கேதான் நெட்டை சறுக்குவார். சறுக்கவில்லை. கடைசி நம்பிக்கை மெக்கானிக். தாளின் ஓரத்தில் கிரீஸ் கட்டைவிரல் பதிந்திருந்தது. அதைத் தவிர அந்தத் தாளில் மாசு மருவில்லை. 'வி ரிக்வெஸ்ட் தட் த லிஃப்ட் பி கெப்ட் ஷட்' என்று எழுதியிருந்தார். 'பி'. டென்ஸ் சார் அந்த 'பி'யை நீண்ட நேரம் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு 'வாஸ்' வந்துவிடாதா என்று அவர் மனம் ஏங்கிற்று. பேனா நுனியில் மை காய்ந்துபோனது.

"ஒண்ணும் இல்லையா சார்?" என்று மேடம் கேட்டார்.

"என் பயிற்சி," என்றார் அவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

மேடம் மேலே இருந்த நோட்டைத் திறந்தார். நேற்றைய தேதியில் டைப்பிஸ்ட் அம்மா பெயரில் ஒரு சப்ஜங்டிவ் பிழை. முந்தாநாள் மெக்கானிக் பெயரில், இதே மாதிரி வாக்கியத்தில், இதே 'பி' வர வேண்டிய இடத்தில் 'இஸ்'. ஒரே ராத்திரியில் மூன்று பேருக்கும் ஞானம் பிறந்துவிட்டதா என்று மேடம் கேட்டார். கேள்வியில் சிரிப்பு இருந்தாலும் பதில் வேண்டும் என்பது தெரிந்தது.

டைப்பிஸ்ட் அம்மா எழுந்து நின்றார். தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

"சார் தப்பா எடுத்துக்கக் கூடாது. முதல் ரெண்டு வருஷம் நாங்க செஞ்சதெல்லாம் நிஜமான தப்புதான். சார்தான் சொல்லிச் சொல்லித் திருத்தினார். அப்புறம் ஒரு நாள் நான் கொண்டுவந்த லெட்டர்ல ஒண்ணுமே இல்ல. சார் நம்பல. நாலு நாள் வைச்சுத் தேடினார், வீட்டுக்குக்கூடக் கொண்டுபோனார். அந்தக் கட்டடத்துல வயசானவங்க ஏழு மாடி நடந்தாங்க. அடுத்த லெட்டர்ல நான் அவசரத்துல ஒரு 'வாஸ்' விட்டுட்டேன். சார் ரெண்டே நிமிஷத்துல வட்டம் போட்டு, சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டார். அதிலேர்ந்து..." அவர் நெட்டையைப் பார்த்தார்.

"திருஷ்டிப் பொட்டு," என்றார் நெட்டை. "அப்படித்தான் மேடம் சொல்லுவோம். லெட்டருக்கு ஒண்ணு. ரெண்டாவது பாராவுல, பளிச்சுன்னு தெரியற மாதிரி."

மீதியை மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் சாருக்குச் சலித்துவிடும் என்பதால் முறை வைத்திருந்தார்களாம். சார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தது முகத்தில் தெரிந்தால் இரண்டு பொட்டு. திங்கட்கிழமை டைப்பிஸ்ட் அம்மா லீவு. நெட்டை பொட்டு வைக்க மறந்துவிட்டார். அதனால்தான் அந்த நான்காவது மாடி லிஃப்ட் கடிதம் இன்னமும் மேஜையில் கிடக்கிறதாம்.

டென்ஸ் சார் மெதுவாக உட்கார்ந்தார். ஒன்பதாயிரத்துச் சொச்சம் பிழைகளும் அவர் கண்ணெதிரே வரிசையாக எழுந்து, வணக்கம் சொல்லி, வெளியே நடந்துபோவது போலிருந்தது. அதில் ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. போன வருடம் வந்தது; ஒரே வாக்கியத்தில் மூன்று காலமும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்ற பிழை. அதை அவர் கல்யாண வீடுகளில் சொல்லிக் காட்டியிருக்கிறார். மனிதனால் இப்படியும் தவற முடியுமா என்று பந்தியில் எல்லாரையும் வியக்க வைத்திருக்கிறார்.

"போன வருஷம் அந்த 'வுட் ஹேட் பி வாஸ்'... அதுவுமா?"

மெக்கானிக் வெட்கத்தோடு கையைத் தூக்கினார். "அன்னைக்கு உங்க பிறந்தநாள் சார்."

டைப்பிஸ்ட் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். பிறகு மேடத்திடம் திரும்பி, தங்களுக்கு ஆங்கிலம் எழுத வந்ததே சாரால்தான் என்றும், சாரை எங்கும் அனுப்ப வேண்டாம் என்றும், வேண்டுமானால் தினமும் பொட்டு வைப்பதைத் தொடரத் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொன்னார். நெட்டையும் தலையாட்டினார். அவர்கள் இரக்கப்படுகிறார்கள் என்பது புரிந்தபோது டென்ஸ் சாருக்குக் கிடங்கே மேல் என்று தோன்றிற்று. அந்தச் சீட்டுகளை நினைத்ததும் மேல் இல்லை என்று தோன்றிற்று.

மேடம் நோட்டை மூடினார்.

"மூணு பேருக்கு இப்படி எழுதக் கத்துக்கொடுத்தவரைச் சும்மா கிடங்குக்கு அனுப்ப எனக்கும் மனசில்ல சார். திருத்தறதுக்கு ஆள் வேண்டாம், அது தெரிஞ்சுபோச்சு. ஆனா பெரிய வாடிக்கையாளர்களுக்கு நேரா லெட்டர் எழுத ஒரு நல்ல ஆளைத் தலைமை அலுவலகம் தேடிட்டிருக்கு. இதே மேஜையில உட்கார்ந்தே செய்யலாம். உங்க லெட்டரைப் பார்த்துட்டு இப்பவே எழுதிடறேன், மேஜையா கிடங்கான்னு."

டைப்பிஸ்ட் அம்மாவின் முகம் மலர்ந்தது. நெட்டை நாற்காலியை நகர்த்திக்கொண்டு கழுத்தை நீட்டினார். சார் கையாலேயே எழுதிய ஒரு முழுக் கடிதத்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். டென்ஸ் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எந்தக் காலத்தில் சொல்வது என்று தீர்மானிப்பதற்குள் மேடம் கவிழ்ந்திருந்த தாளைத் திருப்பிவிட்டார்.

அதில் தேதி இருந்தது. அதற்குக் கீழே 'டியர் சார்' என்று இருந்தது. ஒரு காற்புள்ளி இருந்தது.

பல் மருத்துவர் ஒரு பெண்.